கணக்கில் மதிப்பெண் எதற்கு? வாசகர் கேள்வி – பதில்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, கணிதப் பாடத்தின் மதிப்பெண் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். பணி ஓய்வு பெற்ற மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். மனக்கணக்கில் கெட்டிக்காரன். ‘ஒரு பேருந்து 90 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடுதலாக இருந்திருந்தால் பயண நேரம் அரை மணி குறைந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன?’ என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு ‘மணிக்கு 45 கி.மீ.’ என்று சரியாக எழுதியிருக்கிறான். ஆசிரியர் ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். விடை சரியாக இருக்கும்போது முழு மதிப்பெண் தர வேண்டாமா?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகனுக்குக் கணக்கு வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்து மதிப்பெண்ணும் 45 என்ற எண்ணுக்காக ஒதுக்கப்பட்டவை அல்ல. விடையை மட்டும் பார்ப்பதற்கென்றே அதே வினாத்தாளின் முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள் இருக்கின்றன. ஐந்து மதிப்பெண் வினாவில், சொற்களில் சொல்லப்பட்ட ஒரு நிலைமையைச் சமன்பாடாக மாற்றத் தெரிகிறதா, மாற்றியதைத் தீர்க்கத் தெரிகிறதா, கிடைத்த இரண்டு மூலங்களில் எது பொருந்தும் என்று பகுத்துப் பார்க்கத் தெரிகிறதா என்றுதான் ஆசிரியர் பார்க்கிறார்.

இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வேகத்தை எக்ஸ் என்று வைத்துக்கொண்டால், 90-ஐ எக்ஸால் வகுத்தது முதல் நேரம். எக்ஸுடன் 15-ஐக் கூட்டி அதனால் 90-ஐ வகுத்தது இரண்டாவது நேரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை. இந்த ஒரு வரிதான் கணக்கின் உயிர். நான் திருத்தினால் இதற்கே இரண்டு மதிப்பெண் கொடுப்பேன். இதைச் சுருக்கினால் ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் 15 எக்ஸ் கழித்தல் 2700 சமம் பூச்சியம்’ என்ற இருபடிச் சமன்பாடு வரும்; அதற்கு ஒரு மதிப்பெண். காரணிப்படுத்தி 45, –60 என்ற இரு மூலங்களைக் காண்பதற்கு ஒன்று. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது என்று –60-ஐ விலக்கி, 45-ஐ அலகோடு எழுதுவதற்கு ஒன்று. உங்கள் மகன் எழுதியது இந்தக் கடைசிப் படியின் பாதி. அதற்கு ஒரு மதிப்பெண் தந்த ஆசிரியர் குறைத்துத் தரவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. படிகளை எழுத வேண்டும் என்றால், பாடநூலில் இருக்கும் அதே படிகளைத்தான் எழுத வேண்டும் என்று பொருள் அல்ல. உங்கள் மகன் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஊகித்துச் சரிபார்த்திருப்பான். மணிக்கு 30 கி.மீ. என்றால் மூன்று மணி நேரம். 45 என்றால் இரண்டு மணி நேரம். வேறுபாடு ஒரு மணி, இது அதிகம். 45 என்றால் இரண்டு மணி, 60 என்றால் ஒன்றரை மணி. வேறுபாடு அரை மணி, இது பொருந்துகிறது. இதை அப்படியே எழுதி, ‘வேகம் கூடக் கூட இந்த வேறுபாடு குறைந்துகொண்டே போகும், ஆகவே வேறு எந்த வேகமும் பொருந்தாது’ என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தால், என் வகுப்புத் தேர்வில் நான் தயங்காமல் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். ஏனென்றால் அதில் ஒரு முழுமையான காரணம் இருக்கிறது. பொதுத்தேர்வு விடைக்குறிப்புகளும், வேறு முறையில் செய்திருந்தாலும் சரியாக இருந்தால் உரிய மதிப்பெண் வழங்க வேண்டும் என்றே சொல்கின்றன.

அவனை ‘ஸ்டெப் எழுது’ என்று அதட்டுவதால் பயன் இல்லை. எதற்காக எழுத வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு அது வெறும் எழுத்து வேலை. தினமும் ஒரு கணக்கை உங்களுக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள். அவன் சொல்லும் வாக்கியங்களை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவனுக்குத் தேவையான படிகள் அவன் வாயிலிருந்தே வந்துவிடும்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. கிராமரின் விதிப்படி மூன்று மாறிகளில் அமைந்த சமன்பாடுகளைத் தீர்க்கும் கணக்கில், ஓர் இடத்தில் கூட்டல் குறிக்குப் பதிலாகக் கழித்தல் குறி போட்டுவிட்டேன். விடை தவறு என்று ஆசிரியர் முழுவதையும் அடித்துப் பூச்சியம் போட்டுவிட்டார். பொதுத்தேர்விலும் இப்படித்தான் செய்வார்களா ஐயா?
– ஒரு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: செய்ய மாட்டார்கள் அம்மா. பொதுத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர்களுக்குக் கணிதத்தில் படிநிலை வாரியாக மதிப்பெண் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். தீர்வு முழுவதும் சரியாக இருந்தால் நேரடியாக முழு மதிப்பெண் வழங்கிவிட வேண்டும். தீர்வின் ஒரு பகுதி தவறாக இருக்கும்போதுதான் படிநிலை மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அதிலுள்ள முக்கியமான அறிவுரை. அதாவது, படிநிலை மதிப்பெண் என்பதே உன்னைப் போல் இடையில் சறுக்கியவர்களைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. சில இடங்களில் ஒரு படி தவறாகப் போயிருந்தாலும், உரிய சூத்திரத்தை எழுதியிருந்தால் அதற்கென ஒரு மதிப்பெண் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். சூத்திரத்தை எழுதாமல் கணக்கைச் சரியாகச் செய்தவருக்கு அந்த மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடாது. இந்த இரண்டு அறிவுரைகளையும் சேர்த்துப் படித்தால், திருத்துபவர் மாணவருக்குத் தெரிந்ததைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற நோக்கம் விளங்கும்.

உன் கணக்கையே பார்ப்போம். கிராமரின் விதியில் நான்கு அணிக்கோவைகளின் மதிப்பைக் காண வேண்டும்: டெல்டா, டெல்டா ஒன்று, டெல்டா இரண்டு, டெல்டா மூன்று. பின்னுள்ள மூன்றையும் டெல்டாவால் வகுத்தால் மூன்று மாறிகளின் மதிப்பும் வரிசையாகக் கிடைக்கும். டெல்டா இரண்டில் மட்டும் குறி மாறியிருந்தால், இரண்டாவது மாறியின் மதிப்பு மட்டுமே தவறாகும். மற்ற மூன்று அணிக்கோவைகளும் சரி, மற்ற இரண்டு மாறிகளும் சரி. ஆக, நீ இழக்க வேண்டியது அந்த ஓர் அணிக்கோவைக்கும் அந்த ஒரு மாறிக்கும் உரியதை மட்டுமே. தவறு டெல்டாவிலேயே நேர்ந்திருந்தால் மூன்று விடைகளும் மாறிவிடும். அப்போது இழப்பு கூடும். ஆனாலும் சமன்பாடுகளை அணிக்கோவைகளாக அமைத்ததற்கும், மற்ற மூன்றைச் சரியாக மதிப்பிட்டதற்கும் மதிப்பெண் உண்டு.

உன் ஆசிரியரிடம் விடைத்தாளை எடுத்துச் சென்று, ‘இதில் எந்தப் படி வரை சரி என்று சொல்லுங்கள்’ என்று பணிவாகக் கேள். மதிப்பெண்ணைக் கூட்டித் தாருங்கள் என்று கேட்பதைவிட இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கும். கூடவே ஒரு பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள். இந்த வகைக் கணக்கை முடித்ததும் கிடைத்த மூன்று மதிப்புகளையும் தரப்பட்ட மூன்று சமன்பாடுகளிலும் பிரதியிட்டுப் பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு சமன்பாட்டில் பொருந்தாவிட்டாலும் எங்கோ குறி மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கணக்குப் பாடத்தில் மட்டும்தான் மாணவர் தன் விடை சரியா என்று தேர்வு அறையிலேயே தெரிந்துகொள்ள முடிகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் வீணாக்குபவர்களே அதிகம்.

கேள்வி: மேல்நிலை வகுப்புகளுக்குப் புதிதாக வந்த கணித ஆசிரியை நான். அகமதிப்பீட்டுக்கான பத்து மதிப்பெண்ணை எல்லோருக்கும் முழுமையாகப் போட்டுவிடுமாறு மூத்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாதவருக்கும் பத்து, தினமும் செய்பவருக்கும் பத்து என்றால், நான் எதை வைத்து மாணவர்களிடம் உழைப்பை எதிர்பார்ப்பது?
– ஓர் ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: இது உங்களைப் போன்ற பலரை உறுத்தும் கேள்வி. முதலில் அந்தப் பத்து எதற்காக என்று பார்ப்போம். மேல்நிலைப் பொதுத்தேர்வில் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண் என்பது 100 ஆகக் குறைக்கப்பட்டபோது, கணிதம் போன்ற செய்முறை இல்லாத பாடங்களில் 90 எழுத்துத் தேர்வுக்கும் 10 அகமதிப்பீட்டுக்கும் என்று பிரிக்கப்பட்டது. அந்தப் பத்தில் வருகைப்பதிவுக்கு 2, உள்தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு, செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2. எழுத்துத் தேர்வில் 90-க்கு 25-உம் மொத்தத்தில் 35-உம் எடுத்தால் தேர்ச்சி. எனவே, அகமதிப்பீட்டில் முழு மதிப்பெண் இருந்தாலும் எழுத்துத் தேர்வில் 25 எடுத்தே ஆக வேண்டும்.

பொறியியல் தரவரிசையில் கணிதத்தின் நூறும் அப்படியே சேர்கிறது. இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கப்படுகின்றன. ஆகவே கணிதத்தில் ஒரு மதிப்பெண் என்பது 200-க்கான கட்-ஆஃபில் முழுதாக ஒன்று. பக்கத்துப் பள்ளியில் எல்லோருக்கும் பத்து போட்டிருக்க, நீங்கள் மட்டும் ஒரு பிள்ளைக்கு ஏழு போட்டால் அந்தப் பிள்ளையின் கல்லூரி மாறிப்போகலாம். மூத்தவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தனி ஆசிரியை தன் மாணவர்களைப் பலியாக்கி ஒரு முறையைச் சீர்திருத்த முடியாது, செய்யவும் கூடாது.

ஆனால் மாணவரின் உழைப்பைப் பெறுவதற்கு அந்தப் பத்து மதிப்பெண்தான் கருவி என்று நீங்கள் நினைப்பதை நான் ஏற்கவில்லை. வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடத் தொடங்கியவுடன் கைடிலிருந்து பார்த்து எழுதிய அழகான நோட்டுகள் உங்கள் மேசையில் அடுக்கப்படும். அவற்றில் பிழையே இருக்காது, ஆகையால் உங்களுக்கு அவற்றிலிருந்து எதுவும் தெரியவும் தெரியாது. வீட்டுப்பாடத்தில் பிழை வர வேண்டும். பயமில்லாமல் வர வேண்டும். அங்கே செய்தாரா, முயன்றாரா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில், அதே வீட்டுப்பாடத்திலிருந்து எண்களை மட்டும் மாற்றி ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள். அந்தத் தாள்களைத் திருத்தி, எங்கே சறுக்கினார்கள் என்று சிவப்பு மையில் ஒரு சொல் எழுதி அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். சில வாரங்களில், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் இந்தப் பத்து நிமிடம் கடினம் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

ஆண்டின் தொடக்கத்திலேயே உங்கள் எதிர்பார்ப்புகளை ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பில் ஒட்டிவிடுவதும் நல்லது. மாறியை வரையறுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சமன்பாட்டுக்கு அடுத்து சமன்பாடு ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். விடைக்கு அலகு வேண்டும். அடித்ததை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பன போன்றவை. எவற்றுக்கு மதிப்பெண் குறையும், எவற்றுக்குக் குறையாது என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வுக்குப் பிறகு தெரியவரும் விதியை எந்த மாணவரும் நியாயம் என்று ஏற்கமாட்டார்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தொடர்ந்து இருபது, இருபத்தைந்து என்றுதான் வாங்குகிறாள். பள்ளியில் அவளை ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ பட்டியலில் வைத்து, வடிவியல் வரைதலையும் வரைபடத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். மற்றப் பாடங்களை அவளுக்கு நடத்துவதே இல்லை. தேர்ச்சி மட்டும் போதும் என்று ஒதுங்கிவிடலாமா?
– ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: பள்ளியின் கணக்கு இதுதான். நூறு மதிப்பெண் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து. ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்து. கடைசியில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். இரண்டிலும் ‘அல்லது’ என்று தெரிவு உண்டு. இந்தப் பதினாறைக் கைப்பற்றிவிட்டால் 35-ஐ எட்ட இன்னும் 19 போதும். ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒரு பகுதியும், இரண்டு மதிப்பெண்ணில் சிலவும் வந்தால் பிள்ளை தேறிவிடும். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும் நிலையில் இந்த யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி பெறாத ஒரு பெண் குழந்தையின் படிப்பு அதோடு நின்றுவிடும் ஆபத்து நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது.

ஆனால் இதைப் போட வைக்கும் விதத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. ஒரு படத்தை நாற்பது தடவை பார்த்து வரைந்த பிள்ளை, அளவு மாறியதும் திகைத்து நிற்கும். வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தையும் அந்தப் புள்ளியையும் இணைத்து, அதற்கு மையக்குத்துக்கோடு வரைந்து, அந்த நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு இன்னொரு வட்டம் போடுகிறோம். ஏன் இந்த இரண்டாவது வட்டம்? அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து. இந்த இரண்டு செய்திகளையும் பொறுமையாகச் சொன்னால், அந்த இரண்டாவது வட்டம் எங்கிருந்து வந்தது என்பது உங்கள் மகளுக்குப் புரியும். புரிந்துவிட்டால் ஆரம் 3 செ.மீ. என்றாலும் 5 செ.மீ. என்றாலும் அவள் கை நடுங்காது. உதவிப் படத்தை முதலில் சிறியதாக வரைந்து அளவுகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் இருக்கிறது, தடுமாறாமல் தொடங்கவும் அது உதவும்.

வரைபடத்திலும் அப்படியே. அட்டவணையைச் சரியாகப் போட்டு, அச்சுகளில் அளவுத்திட்டத்தை எழுதி, புள்ளிகளைக் குறித்து, கேட்கப்பட்ட மதிப்பை வரைபடத்திலிருந்து புள்ளிக்கோடு போட்டுக் காட்ட வேண்டும். அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுத மறப்பதும், புள்ளிகளை இணைக்கும்போது வளைவரைக்குப் பதிலாக அளவுகோலை வைத்துத் துண்டு துண்டாக இணைப்பதும் அதிகம் நடக்கும் பிழைகள். நேர்மாறல் என்றால் ஆதி வழியாகச் செல்லும் நேர்கோடு, எதிர்மாறல் என்றால் வளைவரை என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், தன் படம் சரியா என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மற்ற மாணவர்களுக்குப் பாடம் நடக்கும்போது உங்கள் மகளைத் தனியே உட்கார வைத்து வரையச் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் அவளும் பாடத்தைக் கேட்கட்டும் என்று கேளுங்கள். இருபது மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இயற்கணிதம் புரியவே புரியாது என்று முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை. பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது ஆறாம், ஏழாம் வகுப்பில் விட்டுப்போன பின்னங்களும் குறை எண்களும்தான். மாலையில் அரை மணி நேரம் அவற்றை மட்டும் பழக்கினால், அதுவரை மூடிக் கிடந்த பாடங்கள் சில தாமாகத் திறந்துகொள்ளும்.

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இனி இல்லை என்று ஆகிவிட்டது. என் பள்ளியில் இப்போதே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைத் தொடங்கிவிட்டார்கள். இது நல்லதுதானா?
– ஒரு மாணவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: நல்லதல்ல தம்பி. 2017–18-ஆம் கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றே, பல பள்ளிகள் அந்த ஆண்டின் பாடத்தைத் தள்ளிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தியதுதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டது மாணவரின் சுமையைக் குறைப்பதற்காக. பாடத்தை விட்டுவிடுவதற்காக அல்ல.

உன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் புரட்டிப் பார். ‘அணிகள் மற்றும் அணிக்கோவைகளின் பயன்பாடுகள்’, ‘வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்’, ‘வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’, ‘தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’ என்று வரிசையாக இருக்கும். அணிக்கோவை என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, வகைக்கெழு காண்பது எப்படி, தொகையிடுவது எப்படி என்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. அதைக் கற்காமல் இதற்குள் போனால், வரையறுத்த தொகையின் பண்புகளை மனப்பாடம் செய்துகொண்டு, அடிப்படைத் தொகையிடலில் தட்டுத் தடுமாறுவாய். அதன் பிறகு கல்லூரியின் முதல் பருவத்தில் கணிதத் தாள் காத்திருக்கிறது. பள்ளி எதை நடத்தினாலும், பதினொன்றாம் வகுப்பின் முக்கோணவியல், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் ஆகியவற்றின் பயிற்சிக் கணக்குகளை இந்த ஆண்டு முடிவதற்குள் நீயாகவே செய்து முடித்துவிடு. ஐயம் வந்தால் ஆசிரியரிடம் கேள். எந்தக் கணித ஆசிரியரும் இந்த ஐயத்தைத் தட்டிக்கழிக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் மகனின் வகுப்பில் விடைத்தாள்களை அதிக மதிப்பெண்ணிலிருந்து குறைந்த மதிப்பெண் வரை வரிசைப்படுத்தி, பெயரைச் சொல்லிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடைசியாகப் பெயர் வரும் நாளில் அவன் சாப்பிடுவதே இல்லை. திருப்புதல் தேர்வில் வேண்டுமென்றே கடுமையாகத் திருத்தினால்தான் பொதுத்தேர்வில் கவனமாக எழுதுவார்கள் என்றும் பள்ளியில் சொல்கிறார்கள். இரண்டும் சரிதானா?
– பெற்றோர், மதுரை

பதில்: முதலாவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. மாநிலத்துக்கே வேண்டாம் என்று முடிவான தரவரிசை, நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பறையில் எதற்கு? விடைத்தாளைக் கொடுக்கும் நேரம் கற்பித்தலின் மிக மதிப்புள்ள நேரம். தான் எங்கே சறுக்கினோம் என்று மாணவர் தன் கையெழுத்தில் பார்க்கும் நேரம் அது. அவமானத்தில் தாளை மடித்துப் பைக்குள் திணிக்கும் பிள்ளை அந்தப் பிழையை ஒருநாளும் பார்க்காது. அடுத்த தேர்வில் அதே பிழையைச் செய்யும். தலைமை ஆசிரியரைச் சந்தித்து, தாளைக் கவிழ்த்து அவரவர் மேசையில் வைத்தால் போதும் என்று கேளுங்கள். மற்றப் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, சற்றுப் பொறுமையாகப் பேச வேண்டியது. கண்டிப்பாகத் திருத்துவதில் தவறில்லை. அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைப்பேன் என்று முன்பே சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைத்தால் பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டு திருந்துவார்கள். ஆனால் சரியாகச் செய்த கணக்குக்கு ‘படி போதவில்லை’ என்று காரணம் காட்டி மூன்று போடுவதும், பொதுத்தேர்வில் இதற்கு ஐந்து கிடைக்கும் என்று பிறகு ஆறுதல் சொல்வதும், மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லாமல் செய்துவிடுகின்றன. தனக்கு எவ்வளவு தெரியும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் போகிறது. தொண்ணூறு எடுக்கக்கூடிய மாணவர் எழுபதைப் பார்த்துக் கணிதப் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கியதை நான் கண்டிருக்கிறேன். பள்ளித் தேர்வின் மதிப்பெண் உண்மையைச் சொல்ல வேண்டும், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

கேள்வி: சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ‘பேசிக்’ கணக்கு எடுத்தால் பதினொன்றில் கணிதம் எடுக்க முடியாதா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: 2020 பொதுத்தேர்விலிருந்து ‘ஸ்டாண்டர்டு’, ‘பேசிக்’ என்று இரண்டு நிலைகள் நடைமுறையில் உள்ளன. இரண்டுக்கும் பாடத்திட்டமும் வகுப்பறையும் ஒன்றுதான். வினாத்தாளின் கடினம் மட்டுமே மாறும். இரண்டிலும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 அகமதிப்பீடு. மேல்நிலையில் கணிதம் படிக்க விரும்புபவர் ‘ஸ்டாண்டர்டு’ எழுத வேண்டும், ‘பேசிக்’ எழுதியவர் பயன்பாட்டுக் கணிதம் எடுக்கலாம் என்பதே தொடக்க விதி. இடையில் சில ஆண்டுகள் அது தளர்த்தப்பட்டது. தளர்வை நம்பித் திட்டமிட வேண்டாம் அம்மா. பொறியியல், இயற்பியல், பொருளியல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மனத்தில் இருந்தால் ‘ஸ்டாண்டர்டு’ எழுது. நிச்சயமாகக் கணிதம் வேண்டாம் என்ற முடிவில் இருந்தால் ‘பேசிக்’ எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கேள்வி: சென்ற ஆண்டு என் அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகப் பெற்றான். மறுகூட்டல், மறுமதிப்பீடு இரண்டில் எதைக் கேட்பது என்று தெரியாமலே நாள் கடந்துவிட்டது. இந்த ஆண்டு நான் எழுதுகிறேன். இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
– ஒரு மாணவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முன்கூட்டியே கேட்டது நல்லது. முடிவு வந்ததும் முதலில் விடைத்தாள் நகலுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மறுகூட்டல் என்பது கொடுக்கப்பட்ட மதிப்பெண்கள் சரியாகக் கூட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. மறுமதிப்பீடு என்பது தாளையே திரும்பத் திருத்துவது. அதில் மதிப்பெண் கூடவும் கூடும், குறையவும் குறையும்.

நகல் கைக்கு வந்ததும் உன் கணித ஆசிரியரோடு உட்கார்ந்து மூன்றைப் பார். பக்கங்களில் உள்ள மதிப்பெண்களைக் கூட்டி, முகப்புத் தாளில் உள்ளதோடு ஒப்பிடு. வேறுபாடு இருந்தால் மறுகூட்டலே போதும். அடுத்து, திருத்தாமல் விடப்பட்ட விடை ஏதும் இருக்கிறதா என்று பார். கடைசிப் பக்கங்களில் தனியாக எழுதிய விடையும், கூடுதல் வினாவாக எழுதிய விடையும் சில நேரம் கண்ணில் படாமல் போகும். மூன்றாவதாக, ஒவ்வொரு ஐந்து மதிப்பெண் வினாவையும் விடைக்குறிப்பின் படிநிலைகளோடு ஒப்பிட்டு, எத்தனை மதிப்பெண் வர வேண்டும் என்று ஆசிரியரையே பென்சிலால் எழுதச் சொல். அவர் கணக்கில் இரண்டு மூன்று மதிப்பெண்ணாவது கூடினால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பி. அரை மதிப்பெண் விவாதம் என்றால் விட்டுவிடு. இவற்றுக்கெல்லாம் தரப்படும் அவகாசம் சில நாட்கள்தான் என்பதால், முடிவு வெளியாகும் வாரத்தில் ஆசிரியர் ஊரில் இருப்பாரா என்பதைப் பள்ளி விடுமுறை விடும்போதே கேட்டு, அவரது தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்.